நூறு நாள் தலையாட்டக் கூடாது

பத்து நொடிக்குள் ஒருவர் கையை எத்தனை முறை மூடித் திறக்கிறார் என்று எண்ணுவதுதான் என் தொழிலில் முதல் வேலை. இருபதைத் தாண்டினால் கழுத்துக்குள் தண்டுவடம் சௌகரியமாக இருக்கிறது என்று பொருள். பேச்சியம்மாளுக்கு ஒன்பது வந்தது. அதிலும் கடைசி ஒன்று நான் இரக்கப்பட்டுச் சேர்த்துக்கொண்டது.

நான் ஆவுடையப்பன். பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவமனையில் இயன்முறை மருத்துவர். 'எக்சர்சைஸ் சார்' என்று கேட்டால் வாசல் காவலாளி வழி காட்டுவார். ஆவுடையப்பன் என்று கேட்டால் எங்கள் தலைமை மருத்துவருக்கே கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும்.

பேச்சியம்மாள் புதியம்புத்தூர்க்காரர். வயது நாற்பத்தொன்பது. கணவர் இறந்தபின் ஒரே ஒரு தையல் மிஷினில் ஆரம்பித்து, பதினேழு வருடத்தில் எட்டு மிஷின் போட்டு நைட்டி தைத்துக் கொடுக்கிறார். இத்தனை காலம் குனிந்த தலை நிமிராமல் தைத்ததில் கழுத்தெலும்பு உள்பக்கமாக வளர்ந்து, தண்டுவடம் போகிற வழியை நெருக்கிவிட்டது. ஒரு நாள் மிஷின் ஊசி நகத்துக்குள் இறங்கியதே அவருக்குத் தெரியவில்லை. துணியில் சிவப்பைப் பார்த்துவிட்டுத்தான் கையைப் பார்த்திருக்கிறார். நடந்தால் கால் பின்னியது. ரவிக்கைக் கொக்கியை மகள் மாட்டிவிட வேண்டியிருந்தது. அப்படியே விட்டால் ஒரு வருடத்தில் கை போகும், பின்னாலேயே நடையும் போகும். அறுவை செய்து எலும்பை வெட்டி எடுக்கலாம்தான். ஆனால் அவர் இதயம் அவ்வளவு நேர மயக்கத்தைத் தாங்காது என்று மயக்க மருத்துவர் எழுதிக் கொடுத்துவிட்டார்.

மிச்சம் இருந்தது கழுத்தில் மாட்டும் பட்டை.

பட்டையைப் பற்றி முதல் நாள் கேள்வி கேட்டது பேச்சியம்மாள் இல்லை, அவருடைய அண்ணன் கொம்பையா. வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, அறுபதை நெருங்கும் வயது. தங்கைக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"கத்தி வைக்காம எலும்ப எப்படி சார் குறைப்பீங்க?"

"இந்தப் பட்டைக்குள்ள நாப்பது இடத்துல இருந்து ஒலி கிளம்பும். நம்ம காதுக்குக் கேக்காத ஒலி. நாப்பதும் ஒரே புள்ளியில போய்ச் சேந்தா, அங்க இருக்கிற எலும்பு கொஞ்சங் கொஞ்சமா கரையும். ஒரு நாளைக்கு ஒரு மயிரிழை அளவுகூட இருக்காது. நூறு நாள்ல நரம்புக்கு வழி விட்டுரும்."

"புள்ளி தப்பிட்டுன்னா?"

நல்ல கேள்வி. படித்தவர்கள்கூடக் கேட்கமாட்டார்கள்.

"எலும்புக்குப் பதிலா நரம்பு கரையும். அதனாலதான் பட்டை கழுத்தக் கவனிச்சுக்கிட்டே இருக்கும். குனிஞ்சாலும் திரும்புனாலும் அதுவும் கூடவே குறிய மாத்திக்கிடும். தனக்குப் புரியாத அசைவு வந்தா மட்டும் ஒரு கத்துக் கத்திட்டு நின்னுரும். மறுநாள் காலையிலதான் திரும்ப ஓடும். அப்படி நின்னுபோன நாள் கணக்குல சேராது."

"கழுத்த இறுக்கிக் கட்டிப் போட்டுட்டா?"

"நூறு நாள் கட்டிப் போட்டா கழுத்துத் தசை செத்துரும். தலை நிக்காது."

கொம்பையா யோசித்தார். பிறகு தங்கையைப் பார்த்து, "என்ன பேச்சி, போட்டுக்கிடுதியா?" என்றார். பேச்சியம்மாள் தலையை ஆட்டினார். காப்பாளர் என்ற இடத்தில் கொம்பையா கையெழுத்துப் போட்டார்.

"பேருதான் சார் பேச்சி. வாயத் தொறந்து ஒரு வார்த்த வராது. நான் கிழிச்ச கோட்டத் தாண்டுனது கிடையாது. தங்கமான பிள்ள" என்றார் எழுந்திருக்கும்போது. அதைப் பெருமையாகத்தான் சொன்னார்.

எங்களிடம் இருந்தவை நான்கே பட்டைகள். காத்திருந்தவர்கள் நூற்றறுபது பேர். அதனால் ஒரு விதி வைத்திருந்தோம். அறுபதாவது நாளுக்குள் இருபத்தைந்து நாளாவது கணக்கில் சேர வேண்டும். சேராவிட்டால் பட்டை அடுத்தவர் கழுத்துக்குப் போய்விடும்.

நாற்பதாவது நாள் நான் பார்த்தபோது பேச்சியம்மாளுக்குப் பதினோரு நாள்தான் சேர்ந்திருந்தது. மீதி இருபத்தொன்பது நாளும் பட்டை கத்திவிட்டு நின்றிருந்தது. ஒவ்வொரு முறையும் ஒரே குறிப்பு: 'வலிப்பு போன்ற நடுக்கம். பாதுகாப்புக்காக நிறுத்தப்பட்டது.' நரம்பு மருத்துவர் தலையில் கம்பிகளை ஒட்டிப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. இருந்தாலும் இயந்திரம் சொல்கிறதே என்று வலிப்பு மாத்திரை எழுதிவிட்டார். அதைச் சாப்பிட்டுப் பகலெல்லாம் தூங்கி வழிந்துகொண்டிருந்தார் அந்த அம்மாள்.

மற்ற மூன்று பட்டைகளில் இரண்டு யோக்கியம் இல்லை. ஒன்றில் வாரத்துக்கு மூன்று நாள் போயிற்று, இன்னொன்றில் நான்கு. ஒரே ஒருவருக்கு மட்டும் ஒரு நாள்கூடத் தவறவில்லை. அவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். யார் எதைச் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதவர். மழை பெய்கிறது என்றால்கூட ஜன்னலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு மறுப்பார். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சரியாகத்தான் இருக்கிறது.

எங்கள் தலைமை மருத்துவர் எஸ்தர் ஞானதீபம் என்னைக் கூப்பிட்டார்.

"ஆவுடையப்பன், அறுபதாம் நாள் அந்தம்மா பட்டையக் கழட்டிருங்க. அடுத்து ஒரு லாரி டிரைவர் இருக்காரு. முப்பத்தொரு வயசு. ரெண்டு கையும் மரத்துப்போச்சு."

"மேடம், அந்தம்மாவுக்கு வேற வழியே இல்லயே. ஆபரேஷனும் முடியாது."

"தெரியும். அந்தப் பையனுக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு. நீங்க யாரப் பாக்கச் சொல்லுதீங்க?"

அவர் கேட்டது நியாயம்தான். ஆனால் எனக்கு ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. வலிப்பு இல்லாத பெண்ணுக்கு வலிப்பு என்று ஓர் இயந்திரம் இருபத்தொன்பது தடவை சொல்கிறது, நாங்கள் படித்த ஆறு பேர் அதைக் கேட்டு மாத்திரை கொடுக்கிறோம். எனக்கு அவமானமாக இருந்தது. அன்று மதியம் பட்டையின் பதிவுகளை வரிசையாக எடுத்துப் பார்த்தேன். காலையில் நடுக்கம் இல்லை. மதியம் இல்லை. ஒவ்வொரு முறையும் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல், ஏழே முக்காலுக்குள். மணி பார்த்து வரும் வலிப்பை நான் கேள்விப்பட்டதில்லை.

இரண்டு நாள் கழித்துச் சனிக்கிழமை, ஆறரைக்கே புதியம்புத்தூரில் போய் இறங்கினேன்.

வீட்டு முன்பக்கம் முழுக்க மிஷின்கள். வேலைக்காரப் பெண்கள் போய்விட்டிருந்தார்கள். பேச்சியம்மாளின் மகள் தர்ஷினி, இருபத்திரண்டு வயது, வெட்டிய துணிகளைக் கட்டுப் போட்டுக்கொண்டே எனக்குக் காப்பி கொடுத்தாள். அம்மாவிடம் அவள் வாய் ஓயாமல் பேசினாள். அம்மாவும் மகளிடம் வாயால்தான் பேசினார். குறைவாகத்தான், ஆனால் பேசினார். பட்டை சாதுவாக இருந்தது.

ஏழு மணிக்குக் கொம்பையா வந்தார். கையில் சூடான பக்கடா பொட்டலம். தங்கைக்குப் பிடிக்கும் என்று பதினேழு வருடமாக வாங்கி வருகிறாராம். உட்கார்ந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

"சார் இருக்கும்போதே சொல்லுதேன். கை இப்படி ஆன பொறவு உனக்கு எதுக்கு பிள்ள எட்டு மிஷினு? எம் பையன் பாத்துக்கிடுவான். இந்த வீட்டப் பூட்டிட்டு நீ நம்ம வீட்டுக்கு வந்துரு. பின்னால ரூம் சும்மாத்தான கிடக்கு. தர்ஷினிக்கும் எம் பொஞ்சாதி வழியில மாப்பிள்ள இருக்கு. என்ன சொல்லுத?"

பேச்சியம்மாள் தலை ஆடியது. பட்டை வீல் என்று கத்தியது.

"பாத்தீங்களா சார்? தினமும் இப்படித்தான். சரியா நான் இருக்கும்போது வருது வலிப்பு. பாக்கவே சங்கடமா இருக்கு" என்றார் கொம்பையா. அவர் கண்ணில் நிஜமாகவே கவலை இருந்தது.

"ஆமாங்க" என்று நானும் தலையை ஆட்டினேன்.

தர்ஷினி சிரித்துவிட்டாள். "சார், அந்தப் பட்டைய நீங்க போட்டிருந்தா உங்களுக்கும் வலிப்புன்னு சொல்லியிருக்கும்."

 மெதுவாக டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, மறுபடி ஒருமுறை "ஆமாங்க" என்று சொல்லிப் பார்த்தேன். என் தலை மேலும் கீழும் போகவில்லை. இடமும் வலமும் திரும்பவும் இல்லை. ஒரு தோள் பக்கம் சாய்ந்து, மறு தோள் பக்கம் சாய்ந்து, நடுவில் எட்டுப் போட்டு வந்து நின்றது. நாற்பத்து நான்கு வருடமாக இதைச் செய்துகொண்டிருக்கிறேன், ஒருநாளும் பார்த்ததில்லை. பட்டையைச் செய்த பனி நாட்டுக்காரர்களுக்கு ஆமாம் என்றால் மேலும் கீழும், இல்லை என்றால் இடமும் வலமும். இரண்டையும் அதற்குக் கற்றுக் கொடுத்திருந்தார்கள். சரி என்பதற்கு நாம் ஆட்டும் இந்தக் கோணல் ஆட்டத்தை அவர்கள் வாழ்நாளில் கண்டதில்லை. ஒரு கழுத்து இப்படி ஆடினால் வலிப்பு என்றுதான் பட்டைக்குத் தோன்றும். பகலில் உத்தரவு போடுகிறவர் பேச்சியம்மாள்தான்; அவர் தலையாட்ட வேண்டியிருந்தது அண்ணன் வந்தபின்தான்.

திங்கட்கிழமை பேச்சியம்மாளையும் தர்ஷினியையும் வரவழைத்தேன். வலிப்பு மாத்திரையை நிறுத்தியாயிற்று. பட்டையைச் சோதனை நிலையில் வைத்தேன். அப்போது அது கத்த மட்டும் செய்யும், நாள் போகாது.

"அக்கா, தலைய ஆட்டாம வாயால சரின்னு சொல்லுங்க."

"சரி" என்றார். பட்டை கத்தியது.

"ஆகட்டும்?"

"ஆகட்டும்." கத்தியது.

"ம் மட்டும் சொல்லுங்க."

"ம்." அதற்கும் கத்தியது.

தலையைக் கையால் பிடித்துக்கொண்டு சொல்லச் சொன்னேன். கையும் சேர்ந்து ஆடியது. சிகிச்சைக்கு உதவாது என்று ஒதுக்கிய ஒரு பழைய பட்டையை நானே மாட்டிக்கொண்டு முயன்றேன். எட்டுத் தடவையில் ஏழு தடவை கத்தியது. அந்த ஒரு தடவையும் நான் 'சரி' என்று சொன்ன விதம் செத்தவன் சொன்ன மாதிரி இருந்தது என்று தர்ஷினி சொன்னாள். சத்தம் கேட்டு எஸ்தர் மேடம் வந்தார். விஷயத்தைச் சொன்னேன். "இதெல்லாம் ஒரு கஷ்டமா? தலைய அசைக்காம சரின்னு சொல்லத் தெரியாதா?" என்று பட்டையை வாங்கிக் கழுத்தில் வைத்துக்கொண்டார். பட்டை அவரையும் விடவில்லை. கழற்றிக் கொடுத்தார்.

"வேற ஏதாவது சொல்லிப் பாருங்கக்கா" என்றேன். எனக்கே அலுத்துவிட்டது.

பேச்சியம்மாள் வெகுநேரம் யோசித்தார். பிறகு, "போதும் சார். வேண்டாம்" என்றார்.

பட்டை பேசாமல் இருந்தது.

"இன்னொரு தடவ சொல்லுங்க."

"வேண்டாம்."

"முடியாது?"

"முடியாது." சத்தம் இல்லை. "மாட்டேன்." சத்தம் இல்லை. "எனக்கு இஷ்டமில்ல." சத்தம் இல்லை. கடைசி வாக்கியத்தைச் சொல்லிவிட்டு அந்த அம்மாள் தன் வாயைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

மறுப்புக்குத் தலை இடமும் வலமும்தான் போகிறது. அது பட்டைக்குத் தெரிந்த பாடம். இப்படியாக, இருபத்திரண்டு வருடத் தொழிலில் நான் எழுதிய மிக விசித்திரமான மருந்துச் சீட்டை அன்று எழுதினேன். 'கழுத்துப் பட்டை நூறு நாள். சரி, ஆகட்டும், ம் ஆகியவை கூடாது. வேண்டாம், மாட்டேன், முடியாது ஆகியவை தேவையான அளவு.' கீழே கையெழுத்தும் முத்திரையும். மற்ற பட்டைக்காரர்களுக்கும் ஒரு பிரதி கொடுத்தோம். தலைமையாசிரியர் மட்டும் தனக்குத் தேவையில்லை என்று மறுத்துவிட்டார்.

பேச்சியம்மாள் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எங்க அண்ணன்கிட்ட நான் இதுவரைக்கும் வேண்டாம்னு சொன்னதே இல்ல சார்."

"சொல்லலன்னா கை போயிரும்கா."

"அவங்க சொல்லுதது நல்லதா இருந்தா? அப்பவும் வேண்டாம்னுதான் சொல்லணுமா?"

"நூறு நாளைக்கு அப்படித்தான்."

அவர் அழவில்லை. விரல்களை மூடித் திறந்து பார்த்தார். எண்ணுகிறார் என்று தெரிந்தது. பிறகு எழுந்து, "அப்போ சொல்லிருவோம்" என்றார். பட்டை கத்தவில்லை.

அன்றிரவே பனி நாட்டு நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதி, எங்கள் ஊழியர்கள் பதினான்கு பேர் வரிசையாக நின்று தலையாட்டும் படத்தையும் எடுத்து இணைத்தேன். தகவலுக்கு நன்றி என்று ஒரு வரியில் பதில் வந்தது.

அந்தத் திங்கட்கிழமையையும் சேர்த்துப் பதினேழு நாளும் கணக்கில் சேர்ந்தது. அறுபதாம் நாள் கணக்கு இருபத்தெட்டு. பட்டை அவர் கழுத்திலேயே இருந்தது. லாரி டிரைவர் இன்னும் இரண்டு மாதம் காத்திருந்து வேறொரு பட்டை வாங்கினார். அவருக்கு இடது கையில் இரண்டு விரலுக்கு உணர்ச்சி திரும்பவே இல்லை. அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்று நான் சொல்லிக்கொள்வதில்லை.

வீட்டில் நடந்ததையெல்லாம் வாராந்திரப் பரிசோதனைக்கு வரும்போது தர்ஷினி சொல்வாள். முதல் நாள் மாமா மிஷின் பேச்சை எடுத்ததும் அம்மா, "வேண்டாம்ணே" என்றாராம். கொம்பையா சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்துத் திரும்பக் கேட்டிருக்கிறார். திரும்பவும் வேண்டாம். வீடு? பூட்ட முடியாது. மாப்பிள்ளை? இப்போ பாக்க வேண்டாம். பட்டையால்தான் என்று அம்மா சீட்டை எடுத்து நீட்டியிருக்கிறார். கொம்பையா அதைப் படித்துவிட்டு, பக்கடாவைத் தொடாமல் எழுந்து போய்விட்டார்.

சிரமம் அதோடு முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரி வளைகாப்புக்கு அழைக்க வந்தபோது வர முடியாது என்று சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்து வருத்தப்பட்டிருக்கிறார். தெருவில் பேச்சு கிளம்பிவிட்டது. பட்டை மாட்டினதும் பேச்சிக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்றார்கள். தர்ஷினிக்குச் சென்னையில் ஓர் உடை வடிவமைப்பு நிறுவனத்தில் வேலை கிடைத்திருந்தது. போகட்டுமா என்று கேட்டால் அம்மாவால் சரி என்று சொல்ல முடியவில்லை. எழுதிக் காட்டப் பேனா பிடிக்கக் கை இல்லை. அரைமணி நேரம் மகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டிருக்கிறார்: "போகாதன்னா சொல்லுதேன்?"

பட்டை கத்தவில்லை. அதிலிருந்து அந்த வீட்டில் சம்மதமெல்லாம் இப்படித்தான் வந்தது. காப்பி குடிக்கிறீர்களா என்றால், வேண்டாம்னா சொன்னேன். வேலைக்காரப் பெண் லீவு கேட்டால், தரமாட்டேன்னு எப்போ சொன்னேன். எனக்குக் கேட்கக் கேட்க ஆனந்தமாக இருந்தது.

அவருக்கு அப்படி இருக்கவில்லை. நாற்பதாவது கணக்கு நாளில் வந்தபோது முகம் வாடியிருந்தது.

"அண்ணன் பத்து நாளா வரல சார்."

"வந்தா மறுபடியும் அதேதான கேப்பாரு?"

"கேக்கட்டும். எங்க வீட்டுக்காரரு போன பொறவு மாமியா வீட்ல என்னைய வெளிய நிப்பாட்டிட்டாங்க. எங்க அண்ணன்தான் அந்தத் தையல் மிஷின சைக்கிள்ல கட்டி, அஞ்சு வயசுப் பிள்ளையோட என்னைய நடத்திக் கூட்டிட்டு வந்தாங்க. பதினாறு கிலோமீட்டர். வழியெல்லாம் எங்கூடப் பேசிக்கிட்டே வந்தாங்க. நான் அழுதுருவேன்னு." நிறுத்திவிட்டுச் சொன்னார்: "அவங்க இல்லன்னா எட்டு மிஷின் ஏது? அவங்ககிட்டப் போய்த் தினமும் வேண்டாம் வேண்டாம்னு. நாக்கு கூசுது சார்."

"கழட்டிரவா?" என்றேன். கேட்டிருக்கக் கூடாது. ஆனால் கேட்டுவிட்டேன்.

பேச்சியம்மாள் கையை நீட்டி, பத்து நொடிக்கு மூடித் திறந்து காட்டினார். பதினான்கு வந்தது.

"வேண்டாம்" என்றார்.

மறுவாரம் கொம்பையாவே மருத்துவமனைக்கு வந்துவிட்டார். நேரே எஸ்தர் மேடம் அறைக்குப் போனார். என்னையும் பேச்சியம்மாளையும் கூப்பிட்டார்கள்.

"கழுத்துக்குத்தான வைத்தியம் பாக்கச் சொன்னேன்? எந் தங்கச்சி மனசையே மாத்தி வச்சிருக்கீங்க. ஊரே சிரிக்கு. கையெழுத்துப் போட்டவன் நான். கழட்டுங்க" என்றார் கொம்பையா. சத்தம் போடவில்லை. குரல் நடுங்கியது.

"இன்னும் ரெண்டு மாசம் விட்டா கை முழுசா வந்துரும் சார்" என்றேன்.

"கை வந்து என்ன செய்ய? மனுசி போயிட்டாளே."

எஸ்தர் மேடம் அவரைக் கையமர்த்தினார். "நீங்க போட்டது காப்பாளர் கையெழுத்துதான். நோயாளிக்கு நினைவு இருக்கும்போது அவங்க வார்த்ததான் செல்லும்" என்றவர் பேச்சியம்மாளிடம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. கழட்டிரலாமா?"

எல்லோரும் அந்தக் கழுத்தைப் பார்த்தோம். அந்தத் தலை ஒரே ஒருமுறை கோணலாக ஆடினால் போதும், அண்ணன் சிரிப்பார், பழையபடி ஏழு மணிக்குப் பக்கடா வரும். 

"வேண்டாம் டாக்டர்" என்றார் பேச்சியம்மாள். பிறகு அண்ணனைப் பார்த்து, "நீங்க வீட்டுக்கு வராம இருக்காதீங்கண்ணே" என்றார்.

கொம்பையா போய்விட்டார். ஆனால் மூன்றாம் நாள் ஏழு மணிக்குப் போயிருக்கிறார், கையில் பொட்டலத்தோடு. முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்துக்கொண்டு அதே மூன்று கேள்வியையும் கேட்டாராம். மூன்றுக்கும் அதே பதில். மறுநாளும் போனார். அந்தப் பட்டை கழன்றதும் தங்கை பழையபடி ஆகிவிடுவாள் என்று அவரும் நாள் எண்ணிக்கொண்டிருந்தார்.

நூறாவது கணக்கு நாள் ஒரு வெள்ளிக்கிழமை. தர்ஷினி சென்னையிலிருந்து வர முடியவில்லை. கொம்பையாதான் கூட வந்தார். படத்தில் தண்டுவடத்தைச் சுற்றி வெள்ளையாக இடைவெளி தெரிந்தது. பட்டையைக் கழற்றினேன். கழுத்தைச் சுற்றி வெளிறிய வளையம். கையை நீட்டச் சொல்லிக் கடிகாரத்தைப் பார்த்தேன். இருபத்தொன்று. இந்த முறை நான் ஒன்றும் சேர்க்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கக் கணினிப் பக்கம் திரும்பிப் பட்டையின் பதிவுகளை இறக்கினேன்.

ஐம்பத்தெட்டாவது கணக்கு நாளில் ஒரு குறிப்பு இருந்தது. பனி நாட்டிலிருந்து மென்பொருளில் ஒரு திருத்தம் தானாக வந்து சேர்ந்திருக்கிறது. 'பக்கவாட்டுச் சாய்வசைவு: வட்டார வழக்கு. இனி பின்தொடரப்படும். நிறுத்தம் தேவையில்லை.' என் கடிதத்துக்கான பதில். எங்களிடம் யாரும் சொல்லவில்லை. அன்றிலிருந்து பேச்சியம்மாள் எவ்வளவு வேண்டுமானாலும் தலையாட்டியிருக்கலாம். நாற்பத்திரண்டு நாள் வீணாக அந்த அம்மாளை வதைத்தோமே என்று நொந்துகொண்டேன்.

பக்கத்தை இன்னும் கீழே தள்ளினேன். திருத்தம் வந்தபின் பதிவான சாய்வசைவுகள், நாள்வாரியாக, மணிவாரியாக. முதல் நாள் காலை பத்து மணிக்கு ஒன்று. ஏதோ மறதியில் ஆட்டியிருக்க வேண்டும். பட்டை கத்தவில்லை. சிறிது நேரத்தில் இன்னொன்று. சோதித்துப் பார்த்திருக்கிறார். அதற்குப் பிறகு தினமும் இருபது, முப்பது. வேலைக்காரப் பெண்களோடு பதினோரு மணிக்கு, மகளோடு தொலைபேசியில் மூன்று மணிக்கு. தாராளமாக, சந்தோஷமாக ஆடியிருக்கிறது தலை. சாயங்காலம் ஏழிலிருந்து ஏழே முக்கால் வரை மட்டும் பூஜ்யம். நாற்பத்திரண்டு நாளும் பூஜ்யம்.

திரும்பிப் பார்த்தேன். பேச்சியம்மாள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரையை அணைத்தேன். நோயாளியின் பதிவு நோயாளிக்குத்தான் சொந்தம்.

"நல்லது சார். சனியன் ஒழிஞ்சிது" என்றார் கொம்பையா. மடித்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தங்கையின் எதிரே வந்து உட்கார்ந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "ஏ பேச்சி, இனி ஒண்ணும் கத்தாது. இப்பச் சொல்லு. மிஷின எம் பையன்கிட்ட விட்டுட்டு வீட்டுக்கு வந்துருதியா? தைரியமா தலைய ஆட்டு."

பேச்சியம்மாள் அண்ணன் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். இறுக்கமாகப் பிடித்தார் என்பது கொம்பையா முகத்திலேயே தெரிந்தது.

"அண்ணே, அந்தப் பட்டை கத்துறத நிறுத்தி ஒன்றர மாசம் ஆச்சு."

கொம்பையா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அப்போ இத்தன நாளும் நீ வேண்டாம் வேண்டாம்னது?"

"அது நான் சொன்னதுண்ணே."

கொம்பையா கையை உருவிக்கொள்ளவில்லை.  வெளியே யாரோ அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.

"நாளைக்கும் ஏழு மணிக்கு வாங்க" என்றார் பேச்சியம்மாள். "வேற ஏதாவது பேசுவோம்."